கயிறு கேட்ட படகு

அன்று விடியக் கரைக்கு வந்த அப்பாவின் படகில் தண்ணீர்க் கான் இல்லை. நான் முதலில் கண்டது அதைத்தான், அண்ணா. வலையைப் பார்க்கவில்லை, மீனைப் பார்க்கவில்லை. கான் கட்டியிருக்கும் இடம் வெறுமையாக இருந்ததைப் பார்த்தேன்.

இன்று அப்பா முள்ளியவளைக்குப் போய்ப் புதுக் கான் ஒன்று வாங்கி வந்து, கரையில் எங்கள் மீன் குடிலான வாடிக்குள் வைத்திருக்கிறார். எத்தனை தரம் கழுவியும் புது பிளாஸ்டிக் மணம் போகவில்லை. கருவாட்டு மணத்தையும் மீறிக்கொண்டு வருகிறது. அந்த மணம் தாங்காமல்தான் உனக்கு எழுதத் தொடங்கினேன்.

பழைய கான் உனக்கு நினைவிருக்கும். நீல நிறம், ஒரு பக்கம் வெயிலில் வெளிறிப்போனது. கடலில் நீ அதன்மேல் இருந்துதான் சாப்பிடுவாய் என்று அப்பா சொல்லுவார். பின்னேரம் அதைத் தோளில் தூக்கும்போதெல்லாம் உனக்கும் அவருக்கும் ஒரே சண்டை.

"அப்பா, கடலுக்குப் போறமோ, கலியாண வீட்டுக்குப் போறமோ? இவ்வளவு தண்ணி என்னத்துக்கு?"

"குறையிறதிலும் மிஞ்சட்டும். நீ தூக்கு."

மிஞ்சின தண்ணீரை விடிய அவர் வாடிக்குப் பக்கத்தில் நிற்கும் மிளகாய்க் கன்றுகளுக்கு ஊற்றுவார். நீ போன பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஆனால் கானைத் தூக்கும்போது அவரோடு சண்டை பிடிக்க ஆள் இருக்கவில்லை.

அன்று காலை படகைத் தள்ளி ஏற்றியதும், அப்பாவோடு தொழிலுக்குப் போகிற தவம் மாமா தேத்தண்ணிகூடக் குடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா மீன் கூடையோடு லொறிக்காரரிடம் போனாள். நானும் அப்பாவும் வலையிலிருந்து சூடை மீன்களைக் கழற்றிக்கொண்டிருந்தோம்.

"கான் எங்க அப்பா?"

"கடல்ல விழுந்திட்டுது."

கட்டிவைத்த கான் எப்படி விழும் என்று நான் கேட்கவில்லை. நான் எதையும் இரண்டாம் தரம் கேட்பதில்லை, உனக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ எல்லாரும் என்னிடம்தான் எல்லாவற்றையும் சொல்லுகிறார்கள். வெளியே போகாது என்ற நம்பிக்கை. அப்பாவும் கொஞ்ச நேரம் மீனைக் கழற்றிவிட்டுத் தானாகவே சொன்னார்.

"விழேல்லை, பிள்ளை. குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

"ஒரு போட்டுக்கு. மரப் போட். எங்கட நாட்டு ஆக்கள் இல்லை. பொம்பிளையள், குழந்தையள் எல்லாம் அதுக்குள்ள. எஞ்சின் நிண்டு எத்தனை நாளோ தெரியாது. வாயெல்லாம் வெடிச்சுக் கிடக்குதுகள்."

"பேந்து?"

"பேந்தென்ன. கையைக் கையைக் காட்டிக் கயிறு கேட்டாங்கள். நான் கானைக் குடுத்திட்டு வந்திட்டன்."

அவர் மீனைக் கழற்றுவதை நிறுத்தவில்லை. செவுள் கிழிந்து மீன் வீணாவதும் அவருக்குத் தெரியவில்லை.

"கொம்மாவிட்டச் சொல்லிப்போடாத," என்றார்.

ஓம் என்று தலையாட்டினேன்.

அப்பா ஏன் கயிறு கொடுக்கவில்லை என்பது எனக்கு விளங்கியது. நீ போன பிறகு நடந்தவை உனக்குத் தெரியாது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகெல்லாம் கரையில் கிடந்த வருடம் அது. நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அந்த வருடம்தான். நீ வெளிநாட்டுக்கென்று அந்தப் பெரிய படகில் ஏறிப் போய் ஒரு கிழமை ஆகவில்லை, அப்பாவைப் பொலிஸ் விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். மகனை அனுப்பியவர் வேறு ஆரையெல்லாம் அனுப்பினார் என்று கேட்டார்களாம். எங்கள் படகைக் கொண்டுபோய்க் கட்டிவைத்தார்கள். ஒரு பருவம் முழுக்க அது மழையிலும் வெயிலிலும் கிடந்தது. அப்பா திரும்பி வந்த பிறகு நாய் குரைத்தாலும் எழும்பி இருப்பார். அந்த மனிதர் கயிறு கொடுப்பதென்றால் வேற்று நாட்டு ஆட்கள் நிறைந்த படகொன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கு வரவேண்டும். ஆள் கடத்தினவன் என்று தன்னைத்தான் எழுதுவார்கள் என்று அவர் நினைத்தார்.

ஆனால் எங்கள் கரையில் கயிறு கேட்டால் யாரும் மறுப்பதில்லை. எஞ்சின் நின்ற படகு துடுப்பில் சட்டையைக் கட்டித் தூக்கினால், கண்டவன் தன் வலையை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும். கோபக்காரன் என்றாலும் போக வேண்டும். அதற்குக் கூலி கிடையாது, எண்ணெய்கூடக் கேட்பதில்லை.

செல்வம் மாமாவை நினைவிருக்கிறதா? வலை நிறையப் பாரை மீன் பட்டிருந்த நாளில், சட்டை கட்டித் தூக்கிய படகைக் கண்டும் காணாததுபோல் வந்துவிட்டார். யாரும் அவரோடு சண்டை பிடிக்கவில்லை. அவருடைய படகைத் தள்ள மட்டும் ஒருவரும் போகவில்லை. அவரும் மாமியும் தனியாகப் படகோடு மாரடிக்க, மற்ற எல்லாரும் தேத்தண்ணிக் கோப்பையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவும் அப்படித்தான் நின்றார். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நீதான் முதலில் போய்த் தோள் கொடுத்தாய். தள்ளும்போது அவருடைய காதுக்குள் ஏதோ சொன்னாய். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"என்னடா சொன்னனி?" என்று அம்மா கேட்டாள்.

"‘மாமா, பாரை நல்ல ருசியோ’ எண்டு கேட்டனான்."

அந்த வழமை எங்கள் படகுகளுக்கு மட்டுமா, கடலில் நிற்கிற எல்லாப் படகுகளுக்குமா என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டி வரவில்லை. அப்பாவும் அன்று கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். தண்ணீரைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று வந்துவிட்டார்.

அந்தத் தண்ணீர்தான் என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

உன்னோடு படகில் போன மாங்குளத்துப் பெடியன் கடைசியில் ஒரு நாள் தொலைபேசி எடுத்தான். ஏதோ ஒரு நாட்டு முகாமில் இருந்து கதைத்தான். உங்கள் எஞ்சின் நின்றதைச் சொன்னான். ஒரு சரக்குக் கப்பல் கிட்டத்தில் வந்ததைச் சொன்னான். மேல்தட்டில் நீல உடுப்புகள் காயப்போட்டிருந்தது தெரியும் அளவுக்குக் கிட்ட வந்ததாம். நீங்கள் எல்லாரும் எழும்பி நின்று கத்தினீர்களாம். மேலே நின்றவர்கள் தண்ணீர்ப் போத்தல்களைக் கட்டாகக் கட்டிக் கீழே எறிந்தார்களாம். பிறகு கப்பல் போய்விட்டதாம். அதற்குப் பிறகும் பல நாள் மிதந்தீர்களாம். உங்களை வேறொரு கப்பல் ஏற்றுவதற்கு முதல் நாள் விடிய நீ கண் திறக்கவில்லை என்று சொல்லிவிட்டு அவன் அழுதான்.

அம்மா அழவில்லை. தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு, "தண்ணி எறிஞ்சவங்களாம், தண்ணி," என்றாள். "நாய்க்கு எறியிற மாதிரி."

அன்று தொடங்கி, நீ செத்ததைப் பற்றி அவள் கதைப்பதில்லை. கப்பலைப் பற்றித்தான் கதைப்பாள். சோறு வடிக்கும்போது, உடுப்புத் தோய்க்கும்போது, திடீரென்று, "ஒரு ஏணியை இறக்கிவிட அவங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்பாள். கோயிலுக்குப் போனாலும் உனக்காகக் கும்பிடுகிறாளா, அந்தக் கப்பல்காரரைத் திட்டுகிறாளா என்று தெரியாது. உடையார்கட்டு வயலில் வளர்ந்தவள் அவள். கடலை அவளுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. ஆனால் கடலைக்கூட அவள் திட்டவில்லை. கடலுக்குக் கண் இல்லை, கப்பலில் நின்றவனுக்குக் கண் இருந்தது என்பாள்.

அப்பாவும் அந்தப் பேச்சில் சேர்ந்து திட்டியவர்தான்.

அதையெல்லாம் யோசித்துக்கொண்டே நான் அன்று காலை முழுக்க வேலை செய்தேன். சூடையைக் கீறிக் கழுவி உப்புப் போட்டேன். முதல்நாள் ஊறியதை எடுத்துச் சாக்கில் பரப்பினேன். லொறியடியில் இருந்து அம்மா வந்தபோது சொல்லவில்லை. பக்கத்து வாடிப் பெண்கள் பகிடி விட்டுச் சிரித்தபோது நானும் சிரித்தேன். ஒரு தரம் நிமிர்ந்து கடலைப் பார்த்தேன். வாடைக் காற்றுக்கு அது சாம்பல் நிறமாக நுரைத்துக்கொண்டிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. தெரியாததால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, அண்ணா. இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது அம்மா காகத்தை விரட்டிக்கொண்டே சொன்னாள், "இந்த வெயிலுக்குள்ளதானே என்ர பிள்ளையை விட்டிட்டுப் போனவங்கள். தண்ணியை எறிஞ்சிட்டு."

"அப்பாவும் தண்ணிதான் குடுத்தவர்," என்றேன்.

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி சொல்லுறாய்?"

சொன்னேன். கானில் இருந்து தொடங்கி, கையைக் காட்டிக் கயிறு கேட்டதுவரை சொன்னேன். அம்மாவின் கையில் ஒரு மீன் இருந்தது. அதைச் சாக்கில் வைத்து, வாலை நேராக்கிவிட்டு எழும்பினாள்.

அப்பா வாடிக்குள் சரிந்து படுத்திருந்தார். நித்திரை இல்லை.

"எழும்புங்கோ," என்றாள் அம்மா.

அப்பா என்னைத்தான் பார்த்தார். நான் கதவடியில் நின்றேன்.

"எந்தப் பக்கம் நிக்குது அந்தப் போட்?"

"உனக்கு விளங்காதப்பா. கயிறைக் கட்டினா என்னைத்தான் கொண்டுபோவாங்கள். படகும் போயிடும். பேந்து நீயும் இந்தப் பிள்ளையும் என்ன செய்வியள்?"

"எந்தப் பக்கம் எண்டு கேட்டனான்."

"தண்ணி குடுத்தனான்தானே."

அம்மா கத்தியிருந்தால் அப்பாவுக்குச் சுகமாக இருந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் அவர் எழும்பி இருந்து முகத்தைக் கையால் தேய்த்தார்.

"வரேக்கை யோசிச்சுக்கொண்டுதான் வந்தனான்," என்றார் மெதுவாக. "அந்தக் கப்பல்காரனுக்கும் வீட்டில ஆரும் இருந்திருப்பினம். அவனும் இப்பிடித்தான் பயந்திருப்பான் போல."

"அப்ப இனி நான் அவனைத் திட்டக்கூடாதோ?"

அம்மா முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு மீனவர் சங்கக் கட்டடத்துக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். அப்பா எங்களுக்குப் பின்னால் வந்தார்.

சங்கத்து மண்டபத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் அம்மாவைக் கண்டதும் எழும்பினார்கள். அவள் அங்கே போவதே இல்லை. சங்கத் தலைவர் நல்லையா பெரியப்பா, "என்ன தங்கச்சி?" என்று கேட்டார். அம்மா சொல்லி முடித்ததும் ஒரே சத்தம்.

"அறிவிச்சுவிடுவம். எடுக்கவேண்டிய ஆக்கள் வந்து எடுக்கட்டும்."

"அவை வாறதுக்குள்ள இருட்டிப்போம். காத்தும் ஏறுது."

"எங்களுக்கேன் மற்ற நாட்டுச் சோலி?"

"உன்ர தமையன் கனடாவுக்கு என்ன பிளேனிலயோ போனவன்? அவனும் போட்டிலதானே போனவன்."

"அவன் போன காலம் வேற."

"கடல் ஒண்டுதானே!"

செல்வம் மாமா மூலையில் இருந்தார். அவர் எழும்பி அப்பாவைப் பார்த்துச் சொன்னார், "ஒருத்தன் போனால்தான் பிடிப்பாங்கள். எல்லாரும் போவம். ஆரெண்டு பிடிக்கிறது?"

"எல்லாரையும் பிடிச்சா?"

"பிடிக்கட்டும். நாளைக்கு ஊருக்கு மீன் ஆர் பிடிக்கிறது எண்டு பாப்பம்."

சிலர் சிரித்தார்கள். நல்லையா பெரியப்பா அறிவிக்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்துச் சொன்னார். வருகிறோம் என்றார்களாம். அவர் வைத்துவிட்டு, "அவையும் வரட்டும், நாங்களும் போவம்," என்றார். அப்பாதான் முன்னுக்குப் போக வேண்டியிருந்தது. இடம் அவருக்குத்தானே தெரியும். அவர் தன் படகடிக்குப் போனதும் பெண்கள் உட்பட எல்லாரும் ஓடி வந்து தள்ளினார்கள். நானும் தள்ளினேன். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஏன் சொன்னாய் என்றுகூடக் கேட்கவில்லை.

பின்னேரம் அந்த மரப் படகு வந்தது. அப்பாவின் படகில் இருந்து கயிறு, பக்கத்தில் வேறு படகுகள். கரையே நிறைந்திருந்தது. பெண்கள் கஞ்சி காய்ச்சினார்கள். யாரோ வீட்டில் இருந்த பாண் ரொட்டியையெல்லாம் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார்கள். மியன்மாரில் இருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் என்று பிறகுதான் அறிந்தோம். அவர்கள் மணலில் கால் வைத்ததும் நிற்க முடியாமல் இருந்துவிட்டார்கள். எங்கள் நீலக் கான் அந்தப் படகுக்குள் கிடந்தது. ஒரு சின்னப் பிள்ளை அதில் தலை வைத்துப் படுத்திருந்தது. யாரோ கானை எடுத்துத் தர வந்தபோது அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். பிள்ளையை இறக்கும்போது கானும் அதனோடேயே போகட்டும் என்றாள்.

நான் ஒரு பெண்ணுக்குக் கஞ்சிக் கோப்பையைக் கொண்டுபோனேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அவள் வாங்கவில்லை. தன் பக்கத்தில் துணியால் மூடிக் கிடந்த ஒன்றைக் காட்டினாள். காற்றுக்குத் துணி விலகியது. உன் வயதுப் பெடியன் ஒருவன், அண்ணா. நீ போகும்போது இருந்த வயது. மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. உதடு வெடித்திருந்தது.

அந்தக் கோப்பையோடு நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அப்பாதான் வந்து அவனைத் தூக்கினார். வேறு யாரையும் தொட விடவில்லை. மணலில் முழங்கால் புதைய நடந்து கொண்டுபோய் நிழலில் கிடத்தினார்.

பிறகு பொலிஸ் வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், பஸ் வந்தது. அப்பாவை யாரும் பிடிக்கவில்லை. பெயரைக் கேட்டு எழுதினார்கள், கைகொடுத்தார்கள். இறந்தவனை முல்லைத்தீவுப் பள்ளிவாசல்காரர் பொறுப்பெடுத்து அடக்கம் செய்தார்கள். அவனுடைய அக்காவை, அந்தக் கஞ்சி வாங்காத பெண்ணை, அடக்கத்துக்கு முதல் பள்ளிவாசலுக்குக் கொண்டுவந்துவிட்டுத் திரும்பவும் அவர்களை வைத்திருக்கும் முகாமுக்குக் கொண்டுபோனார்களாம். பள்ளிவாசல் மௌலவி படிக்கப் போன இடத்தில் உருது பழகியவர். கொஞ்சம் உருது தெரிந்த அவளோடு கதைக்கக்கூடியவராக இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

அதற்குப் பிறகு ஊரில் அப்பாவுக்குத் தனி மரியாதை. தேத்தண்ணிக் கடையில் காசு வாங்குகிறார்களில்லை. "அத்தனை உயிரைக் காப்பாத்தின மனிசன்" என்று வெளியாட்களுக்குக் காட்டுகிறார்கள். அவர் தலையைக் குனிந்துகொள்கிறார். தன்னடக்கம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தவம் மாமாவும் அம்மாவும் நானும் மட்டும் வேறு பக்கம் பார்க்கிறோம். சங்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரியும். ஆனால் கடைசியில் போனோம்தானே என்று அவர்கள் அன்று காலை நடந்ததை மறந்துவிட்டார்கள். செத்த பெடியனைப் பற்றி யாராவது கதையெடுத்தால் அப்பா உடனே சொல்லுவார், "அவன் முதல்நாளே முடிஞ்சிருப்பான். நான் காணேக்கையே அப்பிடித்தான் கிடந்தவன்."

அவர் அப்படிக் கண்டாரோ, காணவில்லையோ. எனக்கும் அது உண்மையாக இருக்க வேண்டும் போல இருந்தது. அவன் முதல்நாளே செத்திருந்தால் அப்பா விட்டுவிட்டு வந்ததால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் உப்புப் போட்டுக்கொண்டும், சாக்கில் மீன் பரப்பிக்கொண்டும், பகிடிக்குச் சிரித்துக்கொண்டும் இருந்த அந்தக் காலைப் பொழுதாலும் ஒன்றும் ஆகவில்லை. படுத்தால் அதுதான். எழும்பினால் அதுதான். யாரிடமாவது கேட்க வேண்டும். எனக்கோ கடையில் சீனி கேட்கவே வாய் வராது.

நேற்று மௌலவி மீன் வாங்கக் கரைக்கு வந்தார். அப்பா கடலில் இருந்து இன்னும் வரவில்லை. மீனைப் பையில் போட்டுக் கொடுக்கும்போது கேட்டேன்.

"அந்தத் தம்பி எப்ப செத்தவர் எண்டு அவரின்ர அக்கா சொன்னவவோ?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அத ஏன் மகள் கேக்கிறியள்?"

நான் பையை விடவில்லை. அவர் கொஞ்சம் யோசித்தார். நான் யாருடைய மகள் என்று அவருக்குத் தெரியும்.

"விடிய ஒரு போட் வந்து தண்ணி குடுத்ததாம். முதல் மிடறு தம்பிக்குத்தான் குடுத்தவவாம். குடிச்சிட்டு எழும்பி இருந்தவராம். போட் திரும்பிப் போறதப் பாத்து எல்லாரும் அழுதிருக்கினம். இவர்தான் சொன்னவராம், கயிறு எடுக்கத்தான் போகினம், வருவினம் எண்டு." மௌலவி பையை என் கையிலிருந்து மெதுவாக எடுத்தார். "வெயில் ஏறினாப் பிறகுதான் மவுத்தானவர். அந்தப் பக்கம் பாத்துக்கொண்டே இருந்தவராம்."

பிறகு, "அல்லாஹ்ட நாட்டம், மகள். வாப்பாவிட்டச் சொல்லவேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல மனிதர். அவர் சொன்னதை நான் இரவு முழுக்க யோசித்தேன். அந்தப் பெடியன் எங்களை நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டு செத்திருக்கிறான், அண்ணா. நீயும் அப்படி யாரையாவது பார்த்துக்கொண்டு இருந்தாயா? அந்தக் கப்பல் ஏணி எடுக்கத்தான் போகிறது என்று நீயும் மற்றவர்களுக்குச் சொல்லியிருப்பாய். நீ அப்படிச் சொல்லக்கூடியவன்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்று முழுக்க என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குச் சொல்லி என்ன வரப்போகிறது? அவர் ஏற்கெனவே பாதி ஆளாகத்தான் இருக்கிறார். சொன்னால் சாப்பிட மாட்டார், படுக்க மாட்டார். சொல்லாவிட்டால் "முதல்நாளே" என்று சொல்லிச் சொல்லி ஒரு நாள் அவரே அதை நம்பிவிடுவார். நானும் நம்பிவிடுவேன். உன்னை விட்டுப்போன அந்தக் கப்பல்காரர் தண்ணீர் எறிந்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு எங்கேயோ நிம்மதியாக இருப்பார்கள். அதற்குப் பிறகு உனக்கு என்ன நடந்தது என்று அவர்களிடம் போய்ச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. எங்களிடம் சொல்ல ஒரு ஆள் வந்திருக்கிறது. மறுபடியும் வாடைக் காற்றுக் காலத்தில் ஒரு படகு வரும். அப்போது அப்பா கரையில் இருக்கலாம், கடலில் இருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்ந்தே தெரிந்திருக்க வேண்டும்.

அதை அவரிடம் சொல்லுவது என் பங்கையும் சொல்லுவதுதான். விடிய அறிந்ததை நான் உச்சி வெயில்வரை வைத்திருந்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பாதி என்னுடையது. அதை அப்பாவின் தலையில் மட்டும் போட்டுவிட்டு நான் நல்ல பிள்ளையாக இருக்க முடியாது. இந்த நினைப்பு என்னைவிட்டுப் போகும் என்று நான் நம்பவில்லை. போக வேண்டும் என்றும் கேட்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா வெளியே பூவரச மரத்தடியில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். எழுதுவதை நிறுத்திவிட்டு எழும்பிப் போய் அவருக்கு முன்னால் மணலில் இருந்தேன். அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு, "என்ன பிள்ளை?" என்றார்.

"அப்பா, அந்தப் பெடியன் நீங்கள் குடுத்த தண்ணியைக் குடிச்சவனாம்," என்று தொடங்கினேன்.